கடுஞ்சூல்: சுமைதாங்கிக் கல் முதல் மகப்பேற்று மனை வரை

தாய்மையின் ஒவ்வொரு படிநிலைக்கும் தனிச்சொல் கண்ட மொழி தமிழ். கருவுற்றவளின் வேட்கையை 'வயா' என்றனர் முன்னோர். ஈன்ற அணிமையைப் 'புனிறு' என்றனர். பிள்ளை பெறுதலைக் 'கருவுயிர்த்தல்' என்றனர். இச்சொற்களின் வரிசையில் நம்மை நின்று நினைக்க வைப்பது 'கடுஞ்சூல்' என்னும் சொல். முதற்சூலுக்கு மதுரைக்காஞ்சி தரும் பெயர் அது. தலைப்பிள்ளையைச் சுமப்பவள் எப்படிப் பெற்றெழுவாளோ என்று வீடு முழுவதும் அஞ்சிய அச்சத்தை அந்த அடைமொழி சுமந்து நிற்கிறது.

'பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறப்பு' என்பது இன்றும் நம் இல்லங்களில் வழங்கும் மொழி. மறுபிறப்பு என்றால் இறப்பின் வாயில்வரை சென்று மீண்டாள் என்பது பொருள். மீண்டவர்களின் வரலாறு பிள்ளைகளின் வடிவில் நம் கண்முன் நடமாடுகிறது. மீளாதவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது?

அது பாதையோரங்களில் இருக்கிறது. இரண்டு கல் தூண்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளைத் தமிழகத்தின் பழைய சாலைகளிலும் யாழ்ப்பாணத்தின் ஊர்ப்புறங்களிலும் இன்றும் காணலாம். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அமைந்தவை அவை. சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளின் ஆவி, வழிப்போக்கரின் சுமையைத் தாங்குவதால் அமைதி பெறும் என்று மக்கள் நம்பினர். போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் எடுத்த இனம், பேற்றில் வீழ்ந்த பெண்ணுக்கும் கல் எடுத்தது. நடுகல்லில் பீடும் பெயரும் எழுதினர். சுமைதாங்கிகள் பலவற்றில் பெயரே இல்லை. இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுவதும் நம்மோடு வரும்.

இலக்கியம் கண்டதும் காணாததும்

சங்கப் புலவர்கள் பிள்ளைப்பேற்றை ஒதுக்கிவிடவில்லை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மாநகரின் இரவை வருணிக்கும்போது, புனிறு நீங்கிச் சுற்றத்தோடு குளத்தில் நீராடும் மகளிரையும், கைதொழுது வழிபடும் கடுஞ்சூல் மகளிரையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். ஒருத்தி கடந்துவிட்டாள், மற்றொருத்தி கடக்கவேண்டும். நெய்யும் ஐயவியும் பூசிக் காக்கப்பெற்ற ஈன்றணிமையாளை நற்றிணை காட்டுகிறது. ஐயவி என்பது வெண்சிறுகடுகு. பெற்றவளையும் பிள்ளையையும் தீங்கு அணுகாமல் காக்க அன்றைய மனிதர்க்குக் கிடைத்த காப்பு அது.

ஆயினும் புலவர்தம் நோக்கு விரைவில் தாயைவிட்டு மகனுக்குத் தாவிவிடுகிறது. பெற்று வளர்ப்பதைத் தாயின் முதற்கடமை எனப் புறநானூற்றில் பொன்முடியார் பாடினார். தந்தையும் கொல்லனும் வேந்தனும் ஆற்றவேண்டிய கடமைகளும் அப்பாடலில் வரிசையாக வருகின்றன. அவர்களின் கடமைகளுள் எதுவும் உயிரைக் கேட்கவில்லை. தாயின் கடமை கேட்கக்கூடும். பாடல் அதைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என ஒரு தனி இலக்கிய வகையே தோன்றிப் பத்துப் பருவங்களாக வளர்ந்தது. அதன் முதற்பருவமான காப்பு, குழந்தை பிறந்து மூன்றாம் திங்களில் தொடங்குவதாகக் கொள்வர். அதற்கு முந்திய பத்துத் திங்களுக்கும் பிறந்த அந்த நாளுக்கும் பருவம் வகுக்கப்படவில்லை. சுமந்த வயிற்றை முன்னிறுத்திப் பாடிய பெருங்குரல் பட்டினத்தாருடையது. அதுவும் தாயின் ஈமத்தீயின் முன்னே எழுந்தது.

பெரியபுராணத்தில் ஒரு தாய் வருகிறாள். சோழன் சுபதேவனின் தேவி கமலவதி. அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது, ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இக்குழந்தை மூவுலகும் ஆளும் என்று காலக்கணிதர் கூறினர். தன் கால்களைப் பிணித்துத் தலைகீழாகத் தூக்கி நிறுத்தச் சொன்னாள் அத்தாய். நாழிகை கடந்தது; கட்டை அவிழ்த்தனர்; பிள்ளை பிறந்தது. காலம் தாழ்ந்ததால் சிவந்திருந்த அதன் கண்களைப் பார்த்து அன்போடு பெயர் சொல்லி அழைத்தாள். அப்போதே உயிர் நீத்தாள். அந்தப் பிள்ளையே கோச்செங்கட்சோழன். மாடக்கோயில்கள் பல எடுத்தவன் என்றும் நாயன்மாருள் ஒருவன் என்றும் அவனை உலகம் அறியும். அவன் பெயரிலுள்ள 'செங்கண்' ஒரு தாயின் கடைசி மூச்சிலிருந்து வந்தது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? இக்கதையை வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. மகன் ஆளவேண்டும் என்பதற்காகத் தாய் இறப்பதை இயல்பெனக் கருதிய ஒரு மனநிலைக்கு இது சான்று. சேக்கிழார் அவளை அன்போடு பாடினார். ஆனால் கதை அவளோடு நிற்கவில்லை, மகனோடு நடந்துவிட்டது.

தாயாகி வந்த தெய்வம்

மருத்துவம் கைவிட்ட இடத்தில் மக்கள் தெய்வத்தை நாடினர். தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூர், பெயரிலேயே கருவைக் காக்கும் ஊர். சம்பந்தராலும் அப்பராலும் பாடல் பெற்ற தலம். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை, கருவுற்ற களைப்பால் வாசலில் வந்த முனிவர் ஒருவரைக் காலத்தில் உபசரிக்க இயலாது போயினாள். அவரது சாபத்தால் கரு கலைந்தது. அம்மை அக்கருவைக் குடத்திலிட்டுக் காத்துப் பிள்ளையாக்கித் தந்தாள் என்பது தலபுராணம். களைத்துக் கிடந்த சூலியிடம் பணிவிடையை எதிர்பார்த்த உலகத்தையும் அக்கதை தன்னை அறியாமல் காட்டிக்கொடுக்கிறது.

திருச்சிராப்பள்ளி மலைமேல் உறையும் தாயுமானவரின் கதை இன்னும் ஆழமானது. செட்டிப்பெண் ஒருத்திக்குப் பேறுகாலம். உதவிக்கு வரவேண்டிய தாய் காவிரியின் வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். தனியே தவித்த அப்பெண்ணுக்குத் துணையாக இறைவன் அவள் தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான் முன்வந்தவர் யார் என்பது விளங்கியது.

இக்கதையில் கவிஞர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இறைவன் மருத்துவனாக வரவில்லை, முனிவனாகவும் வரவில்லை. தாயின் உருவெடுத்தே பிள்ளை பெறும் அறையின் வாசலைக் கடந்தான். அந்த அறைக்குள் ஆண் நுழைய முடியாது என்பது தெய்வத்துக்கும் பொருந்திய விதியாக இருந்தது. இவ்விதிதான் பிற்காலத்தில் பல்லாயிரம் பெண்களின் உயிரோடு விளையாடியது. இவ்விதிதான் பெண்களை மருத்துவக் கல்லூரியின் வாசலுக்கும் அழைத்து வந்தது.

மருத்துவச்சி

அந்த அறைக்குள் செல்லும் உரிமை பெற்றிருந்தவள் மருத்துவச்சி. ஊர்தோறும் பெரும்பாலும் நாவிதர் குலத்து மகளிரே இப்பணியைச் செய்தனர். எந்த நேரத்தில் அழைத்தாலும் விளக்கெடுத்து வந்தவள் அவள். வயிற்றைத் தடவிப் பிள்ளையின் கிடையை அறிந்தவள். பனிக்குடம் உடையும் நேரத்தையும் நஞ்சுக்கொடி விழவேண்டிய நேரத்தையும் பட்டறிவால் கணித்தவள். பேறு முடிந்ததும் நெல்லும் சேலையும் பெற்றுச் சென்றாள். உலகில் முதன்முதல் தன்னைத் தொட்ட கையை, அக்குழந்தை வளர்ந்தபின் விலக்கி நிறுத்தும் சமூகத்தில்தான் அவள் வாழ்ந்தாள்.

அவள் கைக்கு எட்டாத இடர்கள் நான்கு. நிற்காத உதிரப்போக்கு ஒன்று. பெற்ற சில நாட்களில் காய்ச்சலாய் எழுந்து உயிர்குடிக்கும் பிரசவ ஜன்னி மற்றொன்று. சூலியின் கை கால்களை முறுக்கும் வலிப்பு மூன்றாவது. பிள்ளை குறுக்கே கிடந்தோ இடுப்பெலும்பு இடங்கொடாமலோ தடைப்பட்ட பேறு நான்காவது. நான்காவதற்கு இளமை மணமும் ஒரு காரணம். வளர்ந்து முடியாத உடம்பு இன்னோர் உடம்பைச் சுமந்தது. பெண்ணின் மண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929 ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. குடிநீர், ஊட்டக்குறைவு, இளமை மணம் எனப் பல காரணங்கள் இருந்தும், ஆங்கிலேயர் காலத்து எழுத்துகளில் பழி முழுவதும் நாட்டு மருத்துவச்சியின் அழுக்குக் கைகள்மேல் சுமத்தப்பட்டது. கொதிநீர் காணாத கத்தியால் கொடியறுத்ததில் தீங்கு நேர்ந்தது உண்மையே. ஆனால் அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெருநகர் ஒன்றில் யாருடைய கைகள் கொன்றன என்பதையும் அறிதல் வேண்டும்.

வியன்னா கற்பித்த பாடம்

வியன்னாவின் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சியர் பயின்றனர். முதற்பகுதியில் தாய்மார் ஜன்னி கண்டு இறப்பது மிகுதியாக இருந்தது. மருத்துவச்சியர் பகுதியில் மிகக் குறைவு. ஏழைப் பெண்களுக்கும் இது தெரியும். முதற்பகுதியில் சேர்க்கவேண்டா என்று அவர்கள் மன்றாடினர்.

அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் காரணத்தைத் தேடினார். பிணங்களை அறுத்துப் பயின்ற மாணவர்கள் அதே கைகளோடு வந்து சூலியரைத் தொட்டனர். மருத்துவச்சியர் பிணவறைக்குச் செல்வதில்லை. 1847 ஆம் ஆண்டு மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு ஜூன் மாதத்தில் இரண்டளவுக்கு இறங்கியது. இவ்வளவு எளிய மருந்தை ஏற்க அக்கால மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. தம் கைகள் தூயவை அல்ல என்று ஒப்புக்கொள்வது கற்றவர்களுக்குக் கடினம். செம்மல்வைஸ் 1865 ஆம் ஆண்டில் மனநோய் விடுதியில் இறந்தார். கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய பின்னரே உலகம் அவரைப் போற்றியது.

பின்னர் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 1882 ஆம் ஆண்டில் மாக்ஸ் சாங்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தபின் கருப்பையைத் தைத்து மூடும் முறையைச் செம்மை செய்தார். அதற்கு முன்பு அவ்வறுவையில் தாய் பிழைப்பது அருமை. 1901 ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்தார். 1930களில் சல்பா மருந்துகளும் 1940களில் பெனிசிலினும் ஜன்னியை அடக்கின. மருந்துகள் வந்துவிட்டன, அவற்றை நம் பெண்களிடம் கொண்டுசெல்லும் கைகள் வேண்டியிருந்தன.

எழும்பூரும் திண்டிவனமும்

சென்னையில் மகப்பேற்றுக்கென ஒரு மருத்துவமனை 1844 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1882 ஆம் ஆண்டில் எழும்பூரில் இன்றுள்ள இடத்துக்கு அது மாறியது. ஆயினும் ஆண் மருத்துவரிடம் செல்ல ஒப்பாத குடும்பங்களின் பெண்களுக்கு அதன் வாசல் தொலைவாகவே இருந்தது. வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, வீட்டுக்குள்ளேயே பேற்றில் மடியும் பெண்களின் துயரைக் கேட்டறிந்து கலங்கினார். முதலில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாதென்று 1875 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வாண்டு சேர்ந்த பெண்கள் நால்வர். இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தராத காலத்தில் சென்னை அவர்களுக்குக் கதவைத் திறந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. பின்னர் லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய ஷார்லீப், 1885 ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவமனை தோன்றக் காரணரானார். 'கோஷா ஆஸ்பத்திரி' என்று மக்கள் அழைத்த அது, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி நிற்கிறது.

திண்டிவனத்தில் 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு. மருத்துவப் பணியாளரான ஜான் ஸ்கடரின் இல்லத்தில் அவர் மகள் ஐடா தங்கியிருந்தார். இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் கல்வி பயின்ற இளம்பெண். இந்நாட்டில் நிலைத்துத் தங்கும் எண்ணம் இல்லாதவர். அந்த இரவில் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் உயர்குல இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பேற்றுவலியில் தவித்தனர். மூவரும் ஐடாவை அழைத்தனர். தாம் மருத்துவம் கல்லாதவர் என்றும், தந்தையே மருத்துவர் என்றும் அவர் சொன்னார். வேற்றாடவர் தொடுவதைவிட அவள் இறப்பதே மேல் என்று மூவரும் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அம்மூவரையும் கொடியவர் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இரவில் ஓடிவந்தவர்கள் மனைவியரை நேசிக்காதவர்களாக இருக்க முடியாது. மூவரையும் ஒரே வழக்கம் ஒரே இரவில் கட்டிப்போட்டது. தாயுமானவர் கதையில் வெள்ளம் காவிரியில் ஓடியது. திண்டிவனத்தில் அது மனங்களில் ஓடியது.

ஐடா மருத்துவம் கற்கச் சென்றார். 1899 ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூர் வந்தார். 1902 ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவரால் மட்டும் இயலாது, இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்பதை உணர்ந்து 1909 ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியையும், 1918 ஆம் ஆண்டில் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1960 ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அவர், அந்த விதை வேலூரில் பெருமரமானதைக் கண்ணால் கண்டார்.

இதற்கிடையில் நம் மண்ணின் மகளும் எழுந்துவிட்டார். புதுக்கோட்டையில் ஆடவர் கல்லூரியில் தனியொரு மாணவியாகப் பயின்ற முத்துலட்சுமி அம்மையார், 1912 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று எழும்பூர் மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர்ச் சட்டமன்றத்தில் அமர்ந்து இளமை மணத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார். பேற்றறையின் துயரைச் சட்டத்தின் அறைக்குக் கொண்டுசென்றவர் அவர். 1926 ஆம் ஆண்டில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. எழும்பூர் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவ நூல், பல பதிப்புகள் கண்டு தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று.

எண்களும் பெயர்களும்

இன்றைய நிலை என்ன? 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2018–20 ஆம் ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கின்படி, உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மாரும் தமிழகத்தில் 54 தாய்மாரும் இறந்தனர். திண்டிவனத்தின் அந்த இரவோடு ஒப்பிட்டால் இது பெருவெற்றி. ஆயினும் அந்த 54 வீடுகளுக்கு அது வெற்றியன்று. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குருதிச்சோகை உடையவர்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 அறுவையால் பிறக்கின்றன. ஒரு காலத்தில் அறுவை கிடைக்காமல் பெண்கள் இறந்தனர். இன்று தேவையுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்தறியும் பொறுப்பு எழுந்துள்ளது.

எண்களைவிட என் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. தமிழக அரசு 1990களிலிருந்து மகப்பேற்று இறப்புகளைத் தணிக்கை செய்யும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு தாய் இறந்தால் அது விதியென்று மூடப்படுவதில்லை. எங்கே காலம் தாழ்ந்தது, ஊர்தி வந்ததா, குருதி கிடைத்ததா என்று மாவட்ட அளவில் ஆராய்கின்றனர். இறந்தவளின் குடும்பத்தாரிடமும் கேட்டறிகின்றனர். கமலவதியின் மரணத்தை நாம் தியாகம் என்றோம். இன்று ஒரு கோப்பு அதைத் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்று எழுதுகிறது. இம்மனமாற்றத்தை நான் மருந்துகளினும் பெரிதாகக் கருதுகிறேன்.

நம் மன்றம் பத்தாண்டு நிறைந்து நிற்கும் இவ்வேளையில், பத்துத் திங்கள் சுமந்தவளைப் பற்றி எழுத நேர்ந்தது பொருத்தமே. கவிஞர்களாகிய நமக்கு இவ்வரலாறு ஒரு கடனை விட்டுச் செல்கிறது. தாய்மையைத் தெய்வமென்று பாடுவது எளிது. தெய்வமாக்கிய பின் அவள் உடம்பு நோவதும் அவள் அஞ்சுவதும் நம் பாட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன. வலியை வலியென்றும் அச்சத்தை அச்சமென்றும் பெண்களே எழுதத் தொடங்கிய காலம் இது; அவ்வெழுத்துக்கு இடம்விட்டு நிற்பதும் கவிஞர் கடமை.

செய்யத்தக்க பணிகள் இரண்டை உறுப்பினர்முன் வைக்கிறேன். சாலைகள் அகலமாகும்தோறும் சுமைதாங்கிகள் பெயர்க்கப்படுகின்றன. நம் ஊர்களில் எஞ்சியவற்றைக் கண்டு, யாருக்காக எடுத்தவை என்று முதியோரிடம் கேட்டு, கிடைக்கும் பெயர்களையாவது எழுதி வைப்போம். ஊரில் மருத்துவம் பார்த்த பழைய மருத்துவச்சியர் மிகச் சிலரே இன்று உயிரோடு இருக்கின்றனர். அவர்கள் எத்தனை பிள்ளைகளை ஏந்தினர், எவரைக் காக்க இயலாது கலங்கினர், என்ன சொல்லித் தேற்றினர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வோம். அச்சொற்களுள் எந்த அகராதியும் காணாதவை பல இருக்கும். அடுத்த மலரில் அவை இடம்பெறுமானால், பெயரின்றிப் போனவர்களுக்கு நாம் எடுக்கும் கல்லாக அது அமையும்.